பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருமயம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் வீடுகளுக்கு மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் செய்தி வரும், அல்லது பிள்ளை கையில் துண்டுச் சீட்டு வரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. ஒன்றரை மணி நேரக் கூட்டம். அங்கே யார் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் தீர்மானப் பதிவேட்டில் ஏறாத பேச்சுக்கு மறுநாள் உயிர் இல்லை. அலுவலகத்துக்குப் போவது பதிவேட்டின் அந்தப் பக்கம்தான்.

இந்தக் குழு தலைமையாசிரியர் பெரிய மனது வைத்துக் கூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 சொல்வதால் கூடுகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். தலைமையாசிரியர், ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி எல்லாம் மீதி ஒரு பங்குக்குள். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நீங்கள் உறுப்பினர் இல்லை என்றால் கோரிக்கையை ஒரு தாளில் எழுதி, உங்கள் தெருவில் இருக்கும் உறுப்பினர் கையில் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது வேறு அமைப்பு. சந்தா ரசீது, ஆண்டு விழாக் கணக்கெல்லாம் அங்கே கேட்க வேண்டியவை. இரண்டையும் குழப்பினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

போவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, பள்ளியின் பெயர்ப் பலகையை நிதானமாகப் படிப்பது. செட்டிநாட்டில் இது ரொம்ப முக்கியம். ஒரே ஊரில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்று இருக்கும், அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கும், நகரத்தார் குடும்பம் கட்டிக் கொடுத்து இன்றும் செயலாளர் வைத்து நடத்தும் உதவிபெறும் பள்ளி ஒன்று இருக்கும். ஒன்றியப் பள்ளியின் கட்டடம், கழிப்பறை பற்றிய மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். ஆசிரியர் பணியிடம் பற்றியது வட்டாரக் கல்வி அலுவலருக்கு. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடம் என்றால் பொதுப்பணித் துறை வரை போகும். காரைக்குடிக்குள் உள்ளாட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி. உதவிபெறும் பள்ளியில் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு, 2012 சட்டத் திருத்தம் அப்படித்தான் வைத்திருக்கிறது. அங்கே தீர்மானத்தைச் செயலாளருக்கு எழுதி, நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முகவரி தவறினால் மனு மேசைக்கு மேசை நகர்ந்து ஒரு பருவமே ஓடிவிடும்.

அடுத்தது, கூட்டத்தன்று அரை மணி நேரம் முன்னால் போய்ப் பள்ளியைச் சுற்றிப் பார்ப்பது. கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று தேட வேண்டும். மோட்டார் பழுதா, மேல்தொட்டிக்கு ஏறும் குழாய் உடைசலா, காலையில் மோட்டார் போட ஆள் இல்லாமல் முதல் இடைவேளைக்கே தொட்டி காலியா, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் நின்று அவர் வருவதில்லையா? நான்குக்கும் நான்கு வேறு தீர்வு. சத்துணவுக் கூடத்தில் அரிசி, பருப்பு இருப்பைப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். வகுப்பறைக் கூரையில் ஈரத் திட்டு தெரிந்தால் கைபேசியில் படம் எடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

பழைய கட்டடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேக்கு உத்தரம், நாட்டு ஓடு, சுண்ணாம்புக் காரைச் சுவர் என்று கட்டிய பள்ளிகள் நம் பக்கம் இன்னும் நடக்கின்றன. அந்தச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கி, சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பழுதுபார்ப்புத் தீர்மானத்தில் சுண்ணாம்புப் பூச்சு என்றே எழுதச் சொல்லுங்கள். உத்தரத்தில் கரையான், சுவரில் விரல் நுழையும் விரிசல் என்றால் பழுதுபார்ப்புப் பேச்சே வேண்டாம்: பொறியாளர் வந்து கட்டடத்தின் உறுதியைப் பார்க்கும் வரை அந்த அறையைப் பூட்டிவைக்கத் தீர்மானம் போட வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். தானம் கொடுத்தவர் பெயர் பொறித்த கட்டடமாயிற்றே என்ற தயக்கம் குழந்தைகள் தலைக்கு மேல் நிற்கக் கூடாது.

இனி தீர்மானத்தை எழுதுவது. பெரும்பாலான பதிவேடுகளில் இப்படி ஒரு வரி இருக்கும்: "கழிப்பறையைச் சீர் செய்ய வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது." இதை வைத்து எந்த அலுவலரும் எதுவும் செய்ய முடியாது, செய்யாததற்கு அவரைக் கேட்கவும் முடியாது. அதே கோரிக்கையை இப்படி எழுதலாம்: "6 முதல் 8ஆம் வகுப்பு வரை 64 மாணவியர் உள்ளனர். அவர்களுக்கான 3 கழிப்பறைகளில் 2இல் தண்ணீர் இல்லை. மேல்தொட்டிக்குச் செல்லும் குழாய் சுமார் 20 அடி நீளத்துக்கு உடைந்துள்ளது. இதை 15 நாளுக்குள் மாற்றித் தருமாறு வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தலைமையாசிரியர் கடிதம் அனுப்புவது, குழுத் தலைவரும் இரு உறுப்பினர்களும் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுவது, அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இதன் நிலையைப் பேசுவது." எத்தனை பேருக்குப் பாதிப்பு, என்ன பழுது, யாரிடம், எந்தத் தேதிக்குள், நம் பக்கம் யார் பொறுப்பு என்று எல்லாம் இதில் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு இப்படி மூன்று தீர்மானம் போதும். பன்னிரண்டு போட்டால் பன்னிரண்டும் தூங்கும்.

கையெழுத்து விஷயத்தில் கறாராக இருங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் போடக் கூடாது. "பிறகு எழுதிக்கொள்கிறோம்மா, நேரமாகுது" என்றால், "இருக்கட்டும் டீச்சர், எழுதி வாசிச்சுக் காட்டுங்க, நாங்க இருக்கோம்" என்று மரியாதையாகச் சொல்லி உட்கார்ந்துவிடலாம். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு இழுத்த பிறகு கையெழுத்து. பள்ளிக் கல்வித் துறையின் கைபேசிச் செயலியான பெற்றோர் செயலியிலும் தீர்மானங்களைப் பதிவு செய்ய வேண்டும். பதிவேட்டில் இருப்பதுதான் செயலியில் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சுருக்கி ஏற்றும்போது எண்ணும் தேதியும்தான் முதலில் காணாமல் போகும்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு பள்ளி மானியம் உண்டு. திட்ட விதிப்படி 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம். முப்பது பேருக்குள் இருக்கும் சிறு பள்ளிக்கு ரூ.10,000. இதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில், எதற்குச் செலவு, பில் எங்கே என்று கேட்பது குழுவின் கடமை. சந்தேகத்தோடு கேட்க வேண்டியதில்லை, வீட்டுக் கணக்குக் கேட்கும் குரலே போதும். நல்ல தலைமையாசிரியர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள், ஏனென்றால் தொகை எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரியும்.

சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் உதவ முன்வந்தால், யார் கையிலும் ரொக்கமாக வாங்க வேண்டாம். 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளம் வழியாகக் கொடுக்கலாம், ரசீது கிடைக்கும். எது தேவை என்பதைக் குழு முதலில் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மின்விசிறி தேவைப்படும் பள்ளிக்கு அலங்கார வளைவு வந்து நிற்கும்.

மூன்றாண்டுப் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இதே குழுதான், கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 22. டிசம்பருக்குள் பேசி முடித்தால் நல்லது. ஆசிரியர் தேவையைக் கணக்கோடு எழுதுங்கள்: 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது.

கூட்டத்தில் ஒரே தெருவின் குரல் மட்டும் கேட்டால் அது பாதிக் கூட்டம்தான். நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் அம்மாக்கள் 3 மணிக்கு வர முடியாது என்றால் நேரத்தை மாற்றித் தரச் சொல்லித் தீர்மானம் போடலாம். கடைசி வரிசையில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் தலைவரே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தன் பிள்ளையின் மதிப்பெண் பற்றிய பேச்சைக் கூட்டம் முடிந்த பிறகு ஆசிரியரிடம் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடி, அவமதிப்பு, பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது போன்றவை தனி விஷயம் அல்ல. அவசரம் என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் கல்வி உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம்.

இரண்டு கூட்டம் போயும் பதில் இல்லையா? தீர்மான நகலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. அங்கேயும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்தத் தேதியிட்ட எங்கள் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் உள்ளது" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தீர்மானத்தில் தேதியும், கையில் ஒப்புகையும் இருந்தால்தான் அந்த இரண்டு கேள்வியையும் கேட்க முடியும்.