ஓய்வுநாள் அப்பம்: யூதச் சட்டத் தாளுக்கு நான் படித்த விதம்

சமய ஒப்பியல் முதுகலையில் யூதச் சட்டத்தை விருப்பத் தாளாக எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வுநாள் அப்பம் பற்றிய பகுதியில் முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த அப்பத்துக்கு ஹமோட்ஸி என்ற ஆசிமொழி (ரொட்டி உண்ணும் முன் சொல்வது) உண்டா என்பது ஒன்று. ஓய்வுநாள் மேசையில் இரட்டை அப்பமாக வைக்கத் தகுமா என்பது வேறு. யோசேப் காரோ தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் ஆருக் நூலின் ஓராஹ் ஹயிம் பகுதியில் முன்னது 168ஆம் அதிகாரம், பின்னது 274.

274 சுலபம். பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னா ஆறாம் நாளன்று இரட்டிப்பாகக் கிடைத்தது (யாத்திராகமம் 16:22). அதனால் முழுசாக இரண்டு அப்பங்கள் வேண்டும். இரண்டையும் கையில் பிடித்து, கீழே இருப்பதை வெட்டச் சொல்கிறார் யோசேப் காரோ. அது ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவுக்கு மட்டும், பகலில் மேலே இருப்பதைத்தான் வெட்ட வேண்டும் என்று திருத்துகிறார், அந்த நூலுக்குக் குறிப்புரை எழுதிய ரெமா (மோசே இசர்லெஸ்). ஓரம் பிய்ந்த அப்பம் நல்ல கோதுமையாகவே இருந்தாலும் இந்த ஜோடியில் சேராது.

நேரத்தையெல்லாம் 168க்குக் கொடுங்கள். தானியத்திலிருந்து ஆரம்பியுங்கள்: கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்துக்குத்தான் ஹமோட்ஸி. அரிசி மாவு ரொட்டி பார்வைக்கு அப்படியே ரொட்டிதான், ஆனாலும் அதற்கு மெஸோனோத் என்ற வேறு ஆசிமொழி. பசையம் (குளூட்டன்) ஒவ்வாதவர் என்ன செய்வார் என்று கேட்டால், பசையம் கலக்காத ஓட்ஸ் ரொட்டியைச் சொல்லுங்கள்.

அடுத்தது தின்பண்ட வகை அப்பம். இதை விளக்கும் மூன்று கருத்துகளைக் காரோ வரிசையாகத் தருகிறார்: நம் போளி மாதிரி உள்ளே சர்க்கரையும் கொட்டைகளும் வைத்தது, தேனோ எண்ணெயோ பாலோ சேர்த்துப் பிசைந்தது, மொறுமொறுவென்று கடித்துத் தின்பது. மூன்றுக்கும் மெஸோனோத்தான். ஆனால் ஒருவர் அதையே முழு உணவாக உட்கார்ந்து சாப்பிட்டால் ஹமோட்ஸி வந்துவிடும். இந்த விதிவிலக்கை விட்டுவிட்டால் விடை பாதிதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிப்பு ஹல்லா, அதாவது இனிப்புச் சேர்த்த ஓய்வுநாள் அப்பம். மாவில் இனிப்பு நாக்குக்குத் தெரிந்தாலே அது தின்பண்டம் என்பது காரோவின் வழி, செஃபார்தி மரபினர் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். தேனும் வாசனைப் பொருளுமே மாவை மிஞ்சி நிற்க வேண்டும் என்பது ரெமாவின் வழி. அதனால் அவரைப் பின்பற்றும் அஷ்கனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்) வீட்டில் இனிப்பு ஹல்லாவுக்குத் தயங்காமல் ஹமோட்ஸி சொல்வார்கள். ஒரே அப்பம், ஒரே மேசை, இரண்டு சரியான விடைகள். தேர்வில் ஒரு தரப்பை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். யாருடைய மரபு என்று குறிப்பிட்ட பிறகே முடிவைச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு மட்ஸாவை (பஸ்கா பண்டிகையில் உண்ணும், புளிக்காத மாவில் சுட்ட மெல்லிய அப்பம்) எடுத்துக்கொள்ளுங்கள். அஷ்கனாஸிகள் வருடம் முழுக்க ஹமோட்ஸி சொல்கிறார்கள். செஃபார்திகள் பலர் பஸ்கா தவிர்த்த நாட்களில் மெஸோனோத் சொல்கிறார்கள். மேலே சொன்ன மூன்று கருத்துகளில் எது இதற்குக் காரணம் என்று புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள்.