ஆஸ்பத்திரி ஐடி ரூம்ல இருந்து பார்க்கும்போது இந்த டேட்டா சட்டம்

கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில சிஸ்டம் அட்மினா இருக்கேன். ஜனங்களோட சொந்த டேட்டாவ பாதுகாக்க வந்த டிபிடிபி சட்டம் ஏன் வேணும், அதுல எது இடிக்குதுன்னு என் வேலைல பார்த்தத வச்சு சொல்றேன். வெளிநாட்டு உளவுன்னு நியூஸ்ல வந்தா எல்லாருக்கும் ராணுவம், மந்திரிங்க போன், ராக்கெட் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனா அது நம்ம பில்லிங் கவுன்டர் வழியாவும் வரும்ங்கறத நான் வேலைல பார்த்துதான் புரிஞ்சுகிட்டேன்.

2020 ஜூன் 29 அன்னிக்கு ஆப், வெப்சைட்ட முடக்க அரசுக்கு அதிகாரம் குடுக்கற ஐடி சட்டம் 69ஏ பிரிவுல 59 சீன ஆப்புக்குத் தடை போட்டாங்க இல்ல, அப்ப எல்லாரும் டிக்டாக் போச்சேன்னு பேசிட்டு இருந்தாங்க, எனக்கு அடிவயிறு கலங்குனது அதே லிஸ்ட்ல கேம்ஸ்கேனர் பேரப் பார்த்தப்பதான். ஏன்னா எங்க இன்சூரன்ஸ் டெஸ்க்ல பசங்க அவங்க சொந்த போன்ல அந்த ஆப்ப வச்சுதான் பேஷண்டோட ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவாங்க, மெஷின் ஸ்கேனர் பக்கத்துலயே கிடக்கும், அது மெதுவா ஓடும்னு யாரும் தொட மாட்டாங்க. மறுநாளே எல்லார் போன்லயும் அத எடுக்க வச்சோம், மேனேஜர் கேட்டாரு, "ஏம்ப்பா, இனிமே பிரச்சனை இல்லல்ல?" இனிமே போறது நின்னுச்சு சார், ஏற்கனவே கிளவுட்ல ஏறுனத பத்தி இந்த உத்தரவு ஒண்ணும் சொல்லலயேன்னு சொன்னேன்.

அதான் விஷயம். தடை உத்தரவு ஆப்ப நிறுத்தும், நம்ம டேட்டாவ திருப்பி வாங்கித் தராது. சீனாவுல 2017ல வந்த தேசிய உளவுச் சட்டத்தோட 7வது பிரிவுப்படி அந்த நாட்டுல இருக்கற எந்த நிறுவனமும் உளவு வேலைக்கு ஒத்துழைக்கணும். சீனா மட்டும்னு இல்லங்க, அமெரிக்கால எஃப்ஐஎஸ்ஏங்கற உளவுக் கண்காணிப்புச் சட்டத்துல 702னு ஒரு பிரிவு இருக்கு, வெளிநாட்டுல இருக்கற வெளிநாட்டுக்காரங்களோட மெசேஜ அமெரிக்க கம்பெனிங்க கிட்ட அந்த அரசு கேட்டு வாங்க அது வழி பண்ணுது. அதனால எந்த நாட்டு ஆப்புங்கறத மட்டும் பார்த்துட்டு இருந்தா முடியாது, நாமளே எவ்வளவு எடுக்கறோம், எங்க வைக்கறோம், யார் அதுக்கு பொறுப்புன்னு கேக்கற சட்டம் வேணும்.

கேமரா விஷயத்துலயும் இதேதான். புது பிளாக் கட்டுனப்ப கான்ட்ராக்டர் ரேட் கம்மின்னு ஒரு வெளிநாட்டு பிராண்டு கேமராவ மாட்டிட்டு போயிட்டாரு. நைட் டூட்டில ஃபயர்வால் லாக், அதாவது நெட்வொர்க்ல எது உள்ள வருது வெளிய போகுதுங்கற பதிவு, பார்த்துட்டு இருந்தப்ப கேமரா வீடியோவ சேமிக்கற அந்த என்விஆர் பெட்டி யாரும் சொல்லாமலே வெளிநாட்டு சர்வர் ஒண்ணுக்கு விட்டு விட்டு கனெக்ஷன் போட்டுட்டே இருக்கு, உள்ள போய் பார்த்தா பி2பி கிளவுட், அதாவது வெளிய இருந்து போன்ல கேமராவ பார்க்க கம்பெனி சர்வர் வழியா விடற வசதி, ஆன்ல இருக்கு, கம்பெனில இருந்து வரும்போதே அப்படித்தான் வருது, பாஸ்வேர்டும் பெட்டில ஒட்டியிருந்த அதே பாஸ்வேர்டு. போன டிராஃபிக் ரொம்ப சின்னது, வீடியோ போற அளவுக்கு இல்ல. ஆனா அந்த கேமரா பார்க்கறது பிரசவ வார்டு வாசல். கேமராங்கள மத்த கம்ப்யூட்டருங்க கிட்ட இருந்து பிரிக்க விலான்னு தனி நெட்வொர்க் போட்டு வெளிய போற வழிய மொத்தமா அடைச்ச பிறகுதான் வீட்டுக்கே போனேன். இப்ப 2025 ஏப்ரல்ல இருந்து சிசிடிவி கேமராவுக்கு பாதுகாப்பு சோதனை கட்டாயம்னு மத்திய அரசு விதி வந்திருக்கு, ரொம்ப நல்லது, ஆனா அதுக்கு முன்னாடி வித்து சுவத்துல மாட்டுன கேமராங்கள யாரும் வந்து கழட்ட மாட்டாங்க, அது நம்மள மாதிரி ஆளுங்க வேலைதான்.

2022 நவம்பர் 23 அன்னிக்கு டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வருங்க சைபர் தாக்குதல்ல விழுந்துச்சு. ஓபி சீட்டுல இருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் கையால எழுதுனாங்க. நெட்வொர்க்க சரியா பிரிச்சு வைக்காததுதான் காரணம்னு அரசே பாராளுமன்றத்துல சொன்னுச்சு. அவ்வளவு பெரிய இடத்துக்கே இந்த கதின்னா நம்ம கதி என்னன்னு அந்த வாரம் எனக்கு தூக்கமே வரல. இந்த மாதிரி எதாவது நடந்தா 6 மணி நேரத்துக்குள்ள மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு தகவல் சொல்லணும், லாக் 180 நாள் வச்சிருக்கணும்னு அந்த வருஷம் ஏப்ரல்லயே உத்தரவு வந்திருந்துச்சு, அத காட்டி நான் கேட்ட லாக் சர்வருக்கு எய்ம்ஸ் நடந்த பிறகுதான் கையெழுத்தே கிடைச்சுது.

தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 9 நீதிபதிங்க சேர்ந்து தீர்ப்பு சொன்னது 2017 ஆகஸ்ட், டிபிடிபி சட்டம் வந்தது 2023 ஆகஸ்ட், விதிகள் வந்தது 2025 நவம்பர். முக்கியமான கடமைங்க அமலுக்கு வர 18 மாசம் டைம். பாதுகாப்பு ஏற்பாடு சரியா பண்ணலைன்னா 250 கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கறதால மேனேஜ்மென்ட்டும் இப்ப நான் பேசுனா உட்கார்ந்து கேக்கறாங்க. அந்த சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு, டெலிமெடிசின் ஆப் ஒண்ணு போன்ல இருக்கற நம்பர் எல்லாத்தையும் கேட்டு, ஆளும் சரின்னு சொல்லிட்டாலும், வைத்தியத்துக்கு அது தேவையில்லாததால அந்த சம்மதம் செல்லாது. இத படிச்சுட்டு எங்க அட்மிஷன் ஃபார்ம எடுத்து வச்சு பார்த்தேன், ஜாதி, வருமானம், கூட வந்தவங்க ஆதார் நம்பர், இதெல்லாம் காய்ச்சலுக்கு எதுக்குங்க? ஒவ்வொண்ணா அடிச்சோம். அந்த வாரம் கவுன்டர்ல ஒரு அம்மா, "ஆதார் குடுக்கலைன்னா டாக்டர் பார்க்க மாட்டாரா கண்ணு?"ன்னு கேட்டாங்க, "அதெல்லாம் வேண்டாங்கம்மா, பேரும் வயசும் சொல்லுங்க போதும்"னு ரிசப்ஷன் பொண்ணு சொன்னுச்சு. எடுக்காத டேட்டாவ எந்த நாட்டுக்காரனாலயும் திருட முடியாது.

ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்துக்கவே முடியல. டிபிடிபி சட்டம் 17வது பிரிவுல நாட்டோட பாதுகாப்பு, இறையாண்மைன்னு சொல்லி மத்திய அரசு தன்னோட எந்த அமைப்புக்கும் இந்த சட்டத்துல இருந்து விலக்கு குடுத்துக்கலாம். நம்ம ஜனங்களோட டேட்டா அதிகமா இருக்கறதே அரசாங்க சர்வர்லதான், உளவு பார்க்க வர்றவனும் முதல்ல தேடறது அதைத்தான், அப்ப அங்கதான் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமா இருக்கணும். வெளிநாட்டுக்காரன் பார்க்கக்கூடாதுன்னு சொல்றதும் நம்ம அரசாங்கம் கேள்வி இல்லாம பார்க்கலாம்னு சொல்றதும் ஒரே சட்டத்துல இருக்கக்கூடாதுன்னு நான் நினைக்கறேன்.

இப்ப எங்க சண்டை லேப் சாஃப்ட்வேர் வெண்டரோட. அவங்க ஆளு எங்கயோ உட்கார்ந்துட்டே வேற கம்ப்யூட்டர இயக்க விடற எனிடெஸ்க் ஆப் வழியா எப்ப வேணா எங்க சர்வருக்குள்ள வந்துட்டு போவாரு, பல வருஷமா அப்படித்தான். வெண்டர் தப்பு பண்ணுனாலும் பொறுப்பு எங்களோடதுன்னு சட்டம் சொல்லுது, அதனால கேட்டா மட்டும் திறந்து விடுவோம், வேலை முடிஞ்சதும் மூடிடுவோம், யார் வந்தாங்கன்னு லாக் இருக்கும்னு ஒப்பந்தத்துல எழுதி அனுப்பியிருக்கோம். சப்போர்ட் லேட் ஆகும்னு அவங்க இன்னும் கையெழுத்து போடல, நாங்க ஆக்சஸ் இன்னும் குடுக்கல.