மூன்றரையால் வகுத்தால்

"தம்பி இந்தியாவா?"

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு இரும்புக் கடை. முதலாளி கேட்டபோது நான் வாயே திறந்திருக்கவில்லை. கத்தியின் விலையைப் பார்த்து மனசுக்குள் மூன்றரையால் வகுத்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும். வந்து இரண்டு வருஷமாகிறது. விலையை இந்தியக் காசாக்கிப் பார்க்கிற பழக்கமெல்லாம் போய்விட்டது என்று போன வாரம்தான் அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு 'சிலோன்காரங்க வீடு' என்று பேர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதினார்களே, அதில் எங்கள் தாத்தாவும் ஒரு தலை. இதே ஹட்டனில் 'அழுகைக் கோச்சி' ஏறி (கோச்சி என்றால் ரயில்), தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கவ்வாத்து வேலை. பேரன் இங்கே பெண் எடுத்து, இங்கேயே வந்தும் சேர்ந்தாயிற்று. இப்போது நான் இந்தியாக்காரன்.

சரி, கத்திக்கு வருவோம். வாங்குவது மனைவிக்கு. வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் போஞ்சியும் போட்டிருக்கிறாள் (நம்ம ஊர் பீன்ஸ்தான், இங்கே போஞ்சி). கொடி கட்டுகிற சணலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் அரிவாள்மனையையே தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இவளுக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும்.

கத்தரிக்கோல், திருப்புளி, மீன் செதில் சுரண்டி என்று ஏகப்பட்டது மடங்கியிருந்த ஒன்றை முதலில் எடுத்தாள். அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னேன். ஆடியது. வில் (ஸ்பிரிங்) நன்றாக இருந்தால் விரிந்து முடிகிற இடத்தில் 'டக்' என்று உட்காரும், லேசாகத் தட்டினால் மடங்காது. அப்புறம் மரப்பிடி போட்ட ஒன்று. பிரான்சின் ஒப்பினெல் கத்திபோல் கழுத்தில் வளையம், திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். ஒப்பினெல்லுக்கு அந்த வளையம் வந்தது 1955இல் என்று நான் ஆரம்பிக்க, அவள் பிடியைத் தடவினாள்.

"ஆடி மழையில நம்ம வீட்டுக் கதவையே சாத்த முடியல. இது ஊதினா எப்படிங்க திறக்கிறது?"

ஈரத்தில் மரம் ஊதும் என்பது எனக்குத் தெரியாததா? அடுத்து அவள் செய்ததுதான் எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே தூறலில் இரண்டு கையையும் நீட்டி நனைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு கத்தியாகத் திறந்து பார்த்தாள். நகம் வைக்கிற பள்ளம் ஆழமில்லாததெல்லாம் வழுக்கியது. பாதிக் கத்தி கழிந்தது.

நான் கொம்புப் பிடி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். எந்தக் கடைக்குப் போனாலும் தேடுகிறேன். தாத்தாவின் கத்தி கொம்புப் பிடி, இதே ஹட்டனில் வாங்கியது. கல்லில் தீட்டித் தீட்டி அலகு பிறைபோல் தேய்ந்திருக்கும். கொய்யாவைச் சீவி, துண்டை அலகின் நுனியிலேயே நீட்டுவார். அவருக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. இலங்கைக்குக் கிளம்பிய அன்று, புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு கைப்பையில் போட்டுவிட்டேன். "பெரிய பெட்டியில வச்சிருக்கலாமே சார்" என்றார் சோதனைக்காரர். பெட்டி எப்போதோ உள்ளே போய்விட்டது. சட்டம் அது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புத்தி கெட்டவன் நான்தான். ஆனாலும் அந்தப் பிளாஸ்டிக் தொட்டி, நாலைந்து லைட்டர், ஒரு நகவெட்டி, அதன் மேல் தாத்தாவின் கத்தி... கப்பலில் போனது விமானத்தில் திரும்பவில்லை.

"கொம்புப் பிடி இப்ப வாறதில்ல தம்பி" என்றார் முதலாளி.

அவள் சிவப்புப் பிளாஸ்டிக் பிடியில் துருப்பிடிக்காத எஃகு அலகாக ஒன்றை எடுத்தாள். முதலாளி அதைத் துடைத்து, கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். எங்கள் பாட்டியும் அப்படித்தான், கத்தியைக் கைக்குக் கை தரமாட்டாள்.

பஸ்ஸுக்கு நின்றபோது கொய்யா வாங்கி வெட்டினாள். நான் துண்டை அலகு நுனியிலிருந்து வாயால் எடுக்கப் போக, "ஐயோ, கையில வாங்குங்க" என்று அதட்டினாள். ஒரு வாய் மென்றுவிட்டு,

"இந்தியக் காசுக்கு எவ்வளவு வந்துச்சு?"

பைசா சுத்தமாகச் சொன்னேன்.