நிறுத்தப்பட்ட பாட்டு

"கேட்பவருக்குத் தப்பிக்க வழியே இருக்கக் கூடாது, சார். அந்தக் குரலை எடுத்துவிடுங்கள்."

ஒரு டெக்னோ இசைக்கு நான் செய்துகொண்டிருந்த மிக்ஸிங் (ஒலிகளைக் கலந்து சீராக்கும் வேலை) முடியும் தறுவாயில் அதன் இளம் இசையமைப்பாளர் இப்படிச் சொன்னார். அன்றிலிருந்து மனம் அதையே அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

டார்க் டெக்னோ என்ற இருண்ட நடன இசை அது; நிமிடத்துக்கு 136 தாள அடிகள். எல்லோரையும் அரசு இடைவிடாமல் கண்காணித்து அடக்கும் உலகைக் காட்டும் ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலில், முற்றத்தில் துணி காயப்போட்டபடி ஒரு பெண் பாடுவாள். மக்களின் பொழுதுபோக்குக்கென்று இயந்திரம் உற்பத்தி செய்து தள்ளிய வெற்றுப் பாட்டு அது. அவள் வாயிலிருந்து வரும்போது அதுகூடக் கேட்க இனிமையாக இருக்கிறதே என்று கதைநாயகன் வின்ஸ்டன் வியப்பான். அந்தக் காட்சியிலிருந்துதான் தன் இசை பிறந்ததாக இசையமைப்பாளரே சொல்லியிருந்தார். நடுவில் கிக், அதாவது சீராக விழும் கனத்த டிரம் அடி, நின்றுபோகும். 32 பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) ஒரு பெண்ணின் முணுமுணுப்பு மட்டும் கேட்கும். நீக்கச் சொன்னது அதைத்தான்.

"அப்படியானால் நாம் யார் பக்கம்?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "பக்கம் பார்த்து நிற்க இடம் இருந்தால், அது அந்த உலகமே இல்லையே, சார்."

மறுத்துப் பேச எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. இசை அவருடையது; அவர் நினைத்ததைக் கேட்கும்படி செய்வதே என் வேலை. குரலோடு ஒன்று, குரல் இல்லாமல் ஒன்று என இரண்டு வடிவங்களையும் கொடுத்தேன். குரல் இல்லாததைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த 32 பார்களில் இப்போது கிக் நிற்பதில்லை; அதோடு ரம்பிள் என்ற ஆழ்ந்த உறுமல் ஓடுகிறது. கிக்கின் ஒலியை நீண்ட ரிவெர்பில் (எதிரொலிப்பில்) விட்டு, மேல் அலைவரிசைகளை வெட்டியெறிந்து, டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றினேன். ஒவ்வொரு கிக் விழும்போதும் அது பதுங்கி, அடுத்த நொடியே எழும்படி சைட்செயின் என்ற உத்தியை வைத்தேன். நல்ல ஸ்பீக்கரில் அதைக் காதுக்கு முன்பே நெஞ்சுக்கூடு வாங்கிக்கொள்ளும். கைத்தொழில் என்று பார்த்தால் நான் செய்ததிலேயே சிறந்த ரம்பிள் இதுதான். பெருமையாகவே சொல்கிறேன்.

பிறகு நாவலை எடுத்து அந்தப் பகுதியை மறுபடியும் படித்தேன். வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் பிடிபடுவதற்குச் சற்று முன்பும் அவள் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். அரசின் காவலர்கள் வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். பாட்டு சட்டென்று நிற்கிறது. துணி துவைக்கும் தொட்டியை முற்றத்தில் யாரோ வீசியெறிந்ததுபோல் உருளும் ஓசை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை.

ஆக, குரலை நிறுத்தியதில் அவர் ஆர்வெலிடமிருந்து விலகவில்லை. என்னை உறுத்துவது வேறு. பாடியவள்தானே நிறுத்தப்பட முடியும்? அவள் முதலில் பாடியிருக்க வேண்டும். எங்கள் இசையில் அவள் பாடவே இல்லை. தொட்டி உருளும் ஓசை மட்டும் ஆறு நிமிடத்துக்கு நீள்கிறது. எதை இழந்தோம் என்று கேட்பவருக்குத் தெரியாமல் அச்சம் எங்கிருந்து வரும்?

ஆனால் இதற்கும் பதில் இருக்கிறது. பதில் அவர் சொல்லவில்லை, நானே அவருக்காக வாதாடிக்கொள்கிறேன். 1927இல் வந்த 'மெட்ரோபொலிஸ்' என்ற ஊமைப்படத்துக்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸ் 2000ஆம் ஆண்டில் புதிதாக இசையமைத்தார். ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிலாளர்கள் தலை கவிழ்ந்து ஒரே நடையாக நடந்துபோகும் படம் அது. நான்கு நான்காக விழும் கிக்கும் அதே நடைதான். அதற்கு ஆடுகிறவர்களோ விரும்பி வந்தவர்கள். வியர்க்கிறார்கள், கத்துகிறார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மனிதக் குரலை இசைக்குள் வைக்கத் தேவையில்லை, அதை அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள் என்று எங்கள் இசையமைப்பாளர் நினைத்திருக்கலாம். நியாயமான எண்ணம். ஹெட்போனில் தனியாகக் கேட்பவருக்கு மட்டும் அது பொருந்தாது.

எது சரியென்று சில நாள் ஒரு முடிவுக்கு வருவேன், மறுநாளே அது கலைந்துவிடும். குரல் இருந்த வடிவத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வெளிவந்ததுதான் வலிமையாக இருக்கிறது. அதில் ஐயமே இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தால் கால் தானாகத் தாளம் போடுகிறது. முழுதாக முடிந்த பிறகுதான், அந்தப் பெண் இருந்த இடத்தைக் கடந்து வந்ததையே நான் கவனிக்கவில்லை என்று உறைக்கிறது. இதை அவருடைய வாதத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதா, என்னுடையதற்கா என்றுதான் இன்னும் விளங்கவில்லை.