தோற்கிற படையை ஓடவிடுவது எப்படி

தக்கோலம் போரைப் படமாக எடுக்கப்போகிறோம் என்று இயக்குநர் கதை சொல்லி முடித்ததும் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வந்த முதல் கேள்வி: "கடைசியில யார் சார் ஜெயிக்கிறா?" சோழர்கள் தோற்கிறார்கள், ஜெயிப்பது இராட்டிரகூடர்கள் என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அதை இன்டர்வெல்லுக்கு வச்சுக்கலாம். செகண்ட் ஆஃப்ல ராஜராஜன் வந்து பழி தீர்த்துடட்டும்" என்றார்கள். கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. பணம் போடுகிறவர் வேறென்ன கேட்பார்? ஆனால் தக்கோலம் நடந்தது 949-ல். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். இன்டர்வெல்லில் பாப்கார்ன் வாங்கித் திரும்புவதற்குள் 36 வருஷத்தைத் தாண்ட முடியாது என்று இயக்குநர் ஒரே பிடியாக நின்றார். பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு படம் ஆரம்பித்தது.

நான் அதில் அசோசியேட். கூட்டம், ஆயுதம், கொடி, யார் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, எல்லாம் என் தலையில். வெற்றியை எடுக்க எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாளைத் தூக்கு, கத்து, கேமராவை நோக்கி ஓடி வா, ஸ்லோ மோஷன். தோல்வியை எடுக்கத்தான் ஒருவருக்கும் பழக்கமில்லை. அந்தப் படத்தில் நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி இதுதான்.

வரலாறு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன். வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்று தெரிந்து திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் படையோடு வருஷக்கணக்காகத் தங்கியிருந்தவன். எதிரே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுடைய மைத்துனனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். போரில் இராசாதித்தன் யானை மேலேயே இறந்தான். சோழர்கள் பிறகு அவனை 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' என்றே குறிப்பிட்டார்கள். தொண்டைமண்டலம் கைவிட்டுப் போனது. கிருஷ்ணன் இங்கே 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் என்று கல்வெட்டுகளில் ஏறிவிட்டான்.

லொக்கேஷன் பார்க்கத் தக்கோலத்துக்கே போனோம். அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான். சம்பந்தர் பாடிய திருவூறல் கோயில் அங்கே இருக்கிறது. சுற்றிலும் வீடு, கடை, மின்கம்பம். ஒரு பக்கம் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். (2025-ல் அந்த மையத்துக்கு இராசாதித்த சோழன் பெயரையே சூட்டிவிட்டார்கள், நாங்கள் போனபோது அந்தப் பெயர் இல்லை.) இன்னொரு பக்கம் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, கடற்படை விமானத் தளம். கேமராமேன் அண்ணாந்து பார்த்தபோது ஒரு ரோந்து விமானம் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. "இங்க ட்ரோன் விட்டா நாம எல்லாரும் உள்ள போயிடுவோம்" என்றார். கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

கடைசியில் ஆந்திர எல்லைப் பக்கம் தண்ணீர் வற்றிய ஒரு ஏரி கிடைத்தது. தரை நல்ல மட்டம், தூரத்தில் மலை, கண்ணுக்கெட்டியவரை ஒரு டவர் கிடையாது. ஆனால் ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்கு வந்த மரம் அது. பத்தாம் நூற்றாண்டுப் படை அதற்குள் புகுந்து ஓடினால் தாவரவியல் படித்த ஒருவர் போதும், எங்கள் மானத்தை வாங்க. கம்ப்யூட்டரில் அழிக்கலாம் என்றார் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர். ஷாட்டுக்கு ஷாட் அழித்தால் ஆகும் செலவைக் கேட்டபின் அனுமதி வாங்கி வெட்டியே எடுத்துவிடுவது என்று முடிவானது. ஊர்க்காரர்கள் எங்களைவிட உற்சாகமாக வெட்டினார்கள். அவர்களுக்குக் கரிமூட்டம் போட மரம் கிடைத்தது. எங்களுக்குச் சோழநாட்டுச் சமவெளி கிடைத்தது.

மரத்தை வெட்டிவிடலாம், மனிதர்களை என்ன செய்வது? அந்தக் காலத்துக் காலாட்படை பெரும்பாலும் வெற்று மார்பு, இடுப்பில் கச்சை. இப்போது வருகிற ஜூனியர் ஆர்ட்டிஸ்டின் சட்டையைக் கழற்றினால் தோளில் பிசிஜி ஊசித் தழும்பு, மணிக்கட்டில் வாட்ச் கட்டிய வெளுப்பு, பனியன் போட்ட இடம் தனி நிறம். பக்கவாட்டில் மெஷின் போட்டு ஏற்றிய தலைமுடி. நெஞ்சில் அம்மா பேர், கையில் தலைவர் முகம். சோழ வீரன் ஒருவனின் புஜத்தில் இரட்டை இலை இருந்தது, பக்கத்திலேயே உதயசூரியன். அவர்கள் இருவரையும் எந்தப் படையில் நிறுத்துவது என்று காஸ்ட்யூமர் என்னைக் கேட்டார், சீரியஸாகத்தான். விடிகாலை மூன்று மணிக்கு மேக்கப் ஆரம்பித்து, வரிசையாக நிற்கவைத்து, சேற்றையும் எண்ணெயையும் குழைத்துப் பூசுவோம். முன்வரிசைக்கு ஃபைபர் வாள், நடுவரிசைக்கு ரப்பர், அதற்குப் பின்னால் வெறும் மூங்கில் ஈட்டி. ரப்பர் வாளோடு ஓடும்போது அது தலையாட்டும் என்பதால் நடுவரிசை எப்போதும் வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டே ஓடும். படத்தில் அது ஏதோ போர்ப்பயிற்சி முறை மாதிரி கம்பீரமாக இருக்கிறது.

இரண்டு படையையும் பிரித்துக் காட்டுவது அடுத்த தலைவலி. புலிக்கொடி இங்கே, கருடக்கொடி அங்கே, கங்கர்களுக்கு யானை முத்திரை. தலைப்பாகையிலும் நிறம் பிரித்தோம். பெரிய ஃபேன் வைத்துச் செம்மண் பொடியைப் பறக்கவிட்டதும் இரண்டாவது டேக்கிலேயே எல்லாரும் ஒரே நிறம். அதனால் திசைதான் ஒரே துணை. சோழன் இடமிருந்து வலம், இராட்டிரகூடன் வலமிருந்து இடம். இந்தத் திசையை மட்டும் எந்த ஷாட்டிலும் மாற்றக்கூடாது என்று மானிட்டர் பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன்.

இனி இராசாதித்தன் மரணம். இதற்கு இரண்டு சாட்சிகள், இரண்டும் வேறு வேறு. ஆனைமங்கலச் செப்பேடு, அதாவது நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரால் அறியப்படும் பெரிய செப்பேடு, யானை மேல் இருந்தவனின் நெஞ்சில் எதிரியின் கூரிய அம்புகள் பாய்ந்தன என்கிறது. கர்நாடகத்து ஆதகூர் கல்வெட்டு, பூதுகன் யானையின் அம்பாரியையே களமாக்கிக் குறுவாளால் குத்திக் கொன்றான் என்கிறது. முன்னது தோற்றவர் வீட்டு ஏடு, பின்னது வென்றவர் பக்கத்துக் கல். ஃபைட் மாஸ்டருக்குக் குறுவாள்தான் பிடித்தது. ஒரு யானையிலிருந்து இன்னொரு யானைக்குத் தாவலாம், ரோப் கட்டலாம், டிரெய்லருக்கு ஆகும். வசனம் எழுதியவருக்கு அம்பு பிடித்தது, சாகும்போது பேச நேரம் கிடைக்கும். தயாரிப்புத் தரப்புக்கு இரண்டும் வேண்டாம். சமாதானம் பேச வந்த இடத்தில் முதுகில் குத்தியதாக வைக்கச் சொன்னார்கள். நம் ஹீரோ துரோகத்தால் அல்லாமல் சாகமாட்டார் என்பது இந்தத் தொழிலில் சட்டம் மாதிரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. நேருக்கு நேர் நின்று தோற்றவனைத் துரோகத்தால் தோற்றவனாக மாற்றினால் அவனுக்கு மரியாதை கூடுவதில்லை, குறையத்தான் செய்கிறது.

நிஜ யானை பற்றிய பேச்சே எழவில்லை. விலங்கு நல வாரிய அனுமதி வாங்கி, கவசம் போட்டு, கூட்டத்துக்கு நடுவே யானையை நிறுத்துவது நடக்கிற காரியமா? ஐதராபாத்தில் ஃப்ளோர் எடுத்து, ஹைட்ராலிக்கில் ஆடும் யானை முதுகு ஒன்று செய்தோம்; மீதி யானை கம்ப்யூட்டரில். அந்த முதுகில் மூன்று பேர் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தபோதுதான் இயக்குநருக்கு அந்த யோசனை வந்தது. கேமராவைப் பாகன் முகத்தில் வைத்தார். யானை மிரளாமல் பார்த்துக்கொள்வதுதான் பாகன் வேலை. அவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்னால் சத்தம் கேட்கிறது. முதுகில் ஏதோ சாய்கிறது. அங்குசம் பிடித்த கை நடுங்குகிறது, முகம் முன்னால்தான். அம்பா, குறுவாளா? படம் பதில் சொல்லாது. நடித்தவர் நாடகக்காரர், மூன்றாவது டேக்கிலேயே ஓகே ஆனது. வைத்ததிலேயே மிக மலிவான ஷாட்டும் அதுதான்.

அதற்கடுத்து ஓட்டம். படை சிதற வேண்டும்.

அரசன் ஏன் யானை மேல் உட்கார்ந்து போரிட்டான் என்பதற்குக் கம்பீரம் மட்டும் காரணமில்லை. கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் அவன் தெரியவேண்டும். அந்த இருக்கை காலியானால் சங்கதி அவ்வளவுதான். 1556-ல் இரண்டாம் பானிபட்டில் ஹேமுவின் கண்ணில் அம்பு பாய்ந்ததும் கையில் இருந்த வெற்றி போனது. 1658-ல் சாமுகட்டில் தாரா சிக்கோ சாகக்கூட இல்லை. யானையை விட்டுக் குதிரைக்கு மாறினான். காலியான அம்பாரியைப் பார்த்த படை அவன் செத்தான் என்று ஓடிவிட்டது. இதையெல்லாம் கூட்டத்துக்கு மைக்கில் விளக்கினோம். ஆர்வமாகக் கேட்டார்கள். "ஆக்‌ஷன்" என்றதும் ஓடினார்கள். ஐயோ! சிரித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, ஒருத்தன் இன்னொருத்தன் தோளில் கைபோட்டுக்கொண்டு. ஓடச்சொன்ன திசையில்தான் புரொடக்‌ஷன் சாப்பாட்டுப் பந்தல் இருந்தது என்பதைப் பிறகு கவனித்தோம். பந்தலை இடம் மாற்றினோம். இப்போது ஓட்டத்தில் உற்சாகம் குறைந்தது, பயம் மட்டும் வரவில்லை. முறைத்துக்கொண்டு ஓடினார்கள். மாரத்தான் மாதிரி இருந்தது.

வாட்டர்லூ படத்துக்குச் சோவியத் ராணுவம் ஆயிரக்கணக்கில் சிப்பாய்களை அனுப்பிய கதை எல்லா உதவி இயக்குநர்களுக்கும் மனப்பாடம். எங்களுக்கும் ஒரு ராணுவம் கிடைத்திருந்தால் என்ற பேச்சு அன்று மதியம் ஓடியது. அப்போது ஏஜென்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஒருவர், கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து படைவீரராகவே நடித்து வருகிறவர், மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எல்லாருக்கும் ராஜா செத்தது தெரியுதுன்னு சொல்லிட்டீங்க. பின்னாடி நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான் விஷயம். கூட்டத்தை மூன்றாகப் பிரித்தோம். முன்வரிசைக்குத் திரும்பி ஓடச் சொன்னோம். பின்வரிசைக்கு அதே நேரத்தில் முன்னேறச் சொன்னோம், ராஜா இன்னும் யானை மேல் இருக்கிறார் என்று. நடுவில் இருந்தவர்களுக்கு எதுவுமே சொல்லவில்லை. மிதிபட்டால் வினை என்பதால் எல்லாரும் நடைவேகம்தான். வினாடிக்கு வழக்கமான இருபத்துநாலுக்குப் பதில் இருபது ஃபிரேமில் எடுத்தால் திரையில் வேகம் கூடிவிடும். நடுவில் இடைவெளி விட்டு ஃபைட்டர்களை நிறுத்தியிருந்தோம். ஆக்‌ஷன் சொன்னதும் நடுவரிசை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒருவன் ஈட்டியைக் கீழே போடலாமா வேண்டாமா என்று தயங்கி, போட்டு, மறுபடி எடுத்தான். இன்னொருவன் பக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ கேட்டான்; அவன் உதட்டைப் பிதுக்கினான். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. தோற்கிற படை என்பது பயந்த படை என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். அது முதலில் விஷயம் தெரியாத படை; பயம் அதற்குப் பிறகுதான். பெரியவருக்கு அன்று டபுள் பேட்டா கேட்டு வாங்கிக்கொடுத்தோம்.

களத்துக்கே வராத ஒருவரும் படத்தில் உண்டு. இராசாதித்தனின் படைத்தலைவன், சேரநாட்டு வெள்ளங்குமரன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் 943-ல் சிவன் கோயில் எடுத்தவன். இராசாதித்தனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று வருந்தி, கங்கையாடி, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற துறவியான ஒரு சேரநாட்டவரைப் பற்றி அங்கே கல்வெட்டு இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். அந்தத் திருவொற்றியூர்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருப்பது வென்ற கன்னரதேவனின் ஆட்சியாண்டில். நண்பனைக் கொன்றவர்களின் ஆட்சியிலேயே காவி கட்டிக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார் மனுஷர். என்னைக் கேட்டால் படத்தின் நாயகன் அவர்தான். போஸ்டரில் அவர் முகம் கட்டைவிரல் அளவு.

எடுத்தும் வைக்க முடியாமல் போன பகுதி ஒன்று. ஆதகூர்க் கல் நடப்பட்டது தக்கோலத்தைச் சொல்வதற்காக அல்ல. பூதுகன் தன் வீரன் மணலேராவிடம், போரில் காட்டிய வீரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவன் கேட்டது பூதுகனின் வேட்டைநாய் காளியை. பிறகு அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோத, இரண்டும் செத்தன. அந்த நாய்க்கு எடுத்த நடுகல்லில்தான் ஒரு சோழ இளவரசனின் சாவும் செய்தியாக இருக்கிறது. இதற்காக ஒரு சிப்பிப்பாறை நாயைக் கூட்டிவந்து எடுத்தோம். எங்கள் யூனிட்டில் ஒரே டேக்கில் நடித்தது அது ஒன்றுதான். எடிட்டிங்கில், "ராஜா செத்த சோகத்துல இருக்கற ஆடியன்ஸுக்கு நாய்க்கதை எதுக்கு?" என்று தூக்கிவிட்டார்கள். நீளம் ஏற்கெனவே அதிகம், அதுவும் உண்மை.

இயக்குநர் இப்போது வந்தவாசிப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். 1760 ஜனவரி, இந்தப் பக்கம் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அந்தப் பக்கம் பிரெஞ்சுத் தளபதி லாலி. சட்டை போட்ட வீரர்கள், மேக்கப் மிச்சம். பீரங்கிப் புகை இருப்பதால் கூட்டமும் குறைவாகவே போதும் என்கிறார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பிரெஞ்சுக்காரர்கள் ஓடுகிற காட்சியில் சாப்பாட்டுப் பந்தலை எந்தப் பக்கம் போடுவது?