தேடிய எழுத்து மட்டும் மஞ்சளில்: லிஸ்ட்வியூவோடு மூன்று வாரம்

நேற்று இரவு தேடல் பெட்டியில் "கொ" என்று தட்டினேன். கொடி, கொம்பு, பூங்கொத்து, சங்கொலி என்று வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் "கொ" மட்டும் மஞ்சள் கட்டத்துக்குள், ஒரு பிக்சல் கூட விலகாமல். மூன்று வாரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். அப்போதும் சரியாகவே இருந்தது.

செயலி பழையதுதான். படிக்கும்போது கண்ணில் படும் சொற்களைச் சேர்த்து வைக்கும் என் சொந்தத் தொகுப்பு. சொல், பொருள், எங்கே படித்தது, சேர்த்த நாள் என்று நான்கு நெடுவரிசைகள். நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எழுதியது சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் செயலிகளுக்கான வின்ஃபார்ம்ஸில், டாட்நெட் 8 மேல். இவ்வளவு சொற்களையும் சாதாரணமாக லிஸ்ட்வியூவில் (வரிசைகளாகப் பட்டியல் காட்டும் கண்ட்ரோல், அதாவது திரை உறுப்பு) ஏற்றினால் திறக்கும்போதே திணறுகிறது என்பதால் போன மாதமே விர்ச்சுவல் மோடுக்கு மாற்றிவிட்டேன். இப்போது கண்ட்ரோல் தன்னிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. திரையில் தெரியும் வரிசை எதுவோ அதை மட்டும் ரிட்ரீவ் விர்ச்சுவல் ஐட்டம் என்ற ஈவென்டில் (கண்ட்ரோல் நம் நிரலைக் கூப்பிடும் நிகழ்வு) கேட்டு வாங்கிக்கொள்கிறது. திறக்கும் நேரம் கண்ணில் படவே இல்லை.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. விர்ச்சுவல் மோடில் குழுக்கள் வேலை செய்யாது. அகர வரிசைத் தலைப்புகளை இழந்தேன். தேர்ந்த வரிசைகளைத் தரும் செலக்டட் ஐட்டம்ஸைத் தொட்டால் எக்ஸெப்ஷன், அதாவது பிழை. வரிசை எண்களை மட்டும் தரும் செலக்டட் இண்டிசஸ்தான் கதி. இன்னொன்று, தேர்வு என்பது வரிசை எண்ணோடு ஒட்டியிருக்கிறது, சொல்லோடு அல்ல. ஏழாவது வரிசையைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தேடினால், வடிகட்டிய பட்டியலின் ஏழாவது வரிசை நீலமாக நிற்கும். சொல் வேறு, தேர்வு அதே எண். இதனால் ஒரு நாள் தவறான சொல்லை அழித்துவிட்டேன். இப்போது வடிகட்டும் முன் தேர்ந்த சொல்லின் அடையாள எண்ணைக் குறித்து வைத்து, தேர்வை நீக்கிவிட்டு, புதுப் பட்டியலில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் மறுபடி தேர்வு செய்கிறேன்.

அப்புறம் ஓனர் டிரா, அதாவது வரிசைகளைக் கண்ட்ரோலுக்குப் பதில் நாமே வரைவது. வரிசையின் உயரத்துக்கு லிஸ்ட்வியூவில் ப்ராப்பர்ட்டி கிடையாது என்பது தெரிந்த கதை. வரிசையின் சிறுபடங்களுக்கான ஸ்மால் இமேஜ் லிஸ்டில் 1 பிக்சல் அகலம், 30 பிக்சல் உயரம் என்று காலியாக ஒன்றை மாட்டிவிட்டேன், வரிசையும் அந்த உயரத்துக்கு வந்துவிடும். தமிழுக்கு இந்த உயரம் அவசியம். "கூ", "ஞி", "ழு" போன்றவற்றின் மேல் கொக்கியும் கீழ் வளைவும் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும் அல்லவா.

சுட்டியை வரிசை மேல் கொண்டு போனால் எழுத்து மறைந்துவிடும் தொல்லை எனக்கும் வந்தது. அடியில் இருக்கும் விண்டோஸின் சொந்த வின்32 கண்ட்ரோலின் பழைய குறை அது. மைக்ரோசாஃப்டின் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சுட்டி முதல் முறை வரிசை மேல் போகும்போது முழு வரிசைக்கான டிரா ஐட்டம் ஈவென்ட் மட்டும் கூப்பிடப்படுகிறது, கூடவே வரவேண்டிய, ஒவ்வொரு நெடுவரிசைக்குமான டிரா சப்ஐட்டம் வருவதில்லை. டிரா ஐட்டமில் நாம் பின்னணி தீட்டியிருந்தால், ஏற்கெனவே வரைந்த எழுத்தின் மேல் அந்தப் பின்னணி வந்து விழும். அந்த வரிசையை மறுபடி வரையச் சொல்லும் வழியைத்தான் ஆவணம் காட்டுகிறது. நான் வேறு மாதிரி செய்தேன்: டிரா ஐட்டமில் ஒன்றுமே தீட்டுவதில்லை, பின்னணியும் எழுத்தும் டிரா சப்ஐட்டத்துக்குள்ளேயே. மறைவில் முழுதாக வரைந்துவிட்டுத் திரைக்குக் கொண்டுவரும் டபுள் பஃபரையும் போட்ட பிறகு மினுமினுப்பும் நின்றது. டபுள் பஃபர்ட் ப்ராப்பர்ட்டி வெளியிலிருந்து எட்டாது. லிஸ்ட்வியூவிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து அதற்குள் வைக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிடைத்த சொல்லில் தேடிய பகுதியை மட்டும் வேறு நிறத்தில் காட்ட வேண்டும். வழக்கமான வழி எல்லோருக்கும் தெரியும்: சொல்லை மூன்றாக நறுக்கு, முன்பகுதியை வரை, அகலத்தை அள, நடுப்பகுதியை மஞ்சளில் வரை, மிச்சத்தை வரை. ஆங்கிலச் சொற்களில் இது பிழையில்லாமல் ஓடியது. தமிழில் "க" என்று தேடினேன். "கொடி" கிடைத்தது. நடுப்பகுதி "க", மிச்சம் "ொடி". திரையில் மஞ்சளில் ஒரு "க", அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அந்த வட்டத்தின் இடப்பக்கம் ஒற்றைக் கொம்பும் வலப்பக்கம் காலும். "கொ" என்பது க, ொ என்று இரண்டு குறியீடுகள். அந்த ொ தனக்கு முந்திய எழுத்தின் இருபுறமும் நிற்கும். தனியாக வரையச் சொன்னால் அதற்குப் பற்றிக்கொள்ள எழுத்து இல்லை.

சரி, நறுக்கும் இடத்தை ஒழுங்காகத் தேர்ந்தெடுப்போம் என்று டாட்நெட்டின் ஸ்ட்ரிங் இன்ஃபோ வகுப்பைப் பிடித்தேன். டாட்நெட் 5 முதல் இது யூனிகோடின் எழுத்துக்கூட்ட விதிகளின்படி பிரிக்கிறது. "கொடி" என்றால் "கொ", "டி" என்று இரண்டு துண்டு. தேடலை அப்படியே தாராளமாக விட்டுவிட்டு, மஞ்சள் கட்டத்தை மட்டும் இரு பக்கமும் எழுத்து எல்லை வரை நீட்டினேன். "க" என்று தேடினால் "கொ" முழுவதும் மஞ்சளாகும். தட்டச்சு பாதியில் இருப்பவருக்கும் இதுதான் வசதி.

இதற்கு நடுவில் தரவும் என் நேரத்தைத் தின்றது. சில "கொ"க்கள் கிடைக்கவே இல்லை. பார்த்தால், பிடிஎஃப்பிலிருந்து எடுத்த சொற்களில் ொ என்பது ெ, ா என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடே சொல்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்தால் (ஒரே வடிவத்துக்கு மாற்றினால்) தீர்ந்தது. தீராதது "கெளரவம்". ஔகாரக் குறி போடாமல் ஒற்றைக் கொம்பும் ள என்ற எழுத்துமாக அடித்தவை நிறைய. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடலுக்குச் சிக்காது. மொத்தமாக மாற்றவும் முடியாது, "கெளுத்தி" என்ற மீன் இருக்கிறதே. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன். இரண்டு மாலைகள் அதற்கே போயின.

எல்லை சரியானதும் அகலத்தில் மாட்டினேன். முதலில் ஜிடிஐ பிளஸ் என்ற வரைகலை நூலகத்தின் மெஷர் கேரக்டர் ரேஞ்சஸ். அது கொடுத்த அகலம், நான் எழுத்து வரையப் பயன்படுத்தும் டெக்ஸ்ட் ரெண்டரர் வரையும் எழுத்தோடு பொருந்தவில்லை. இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள், ஒன்றில் அளந்து மற்றதில் வரையக் கூடாது. டெக்ஸ்ட் ரெண்டரரிலேயே அளந்தேன். அப்போதும் கட்டம் சில பிக்சல் தள்ளியே நின்றது. அளக்கும்போது நோ பேடிங் (ஓர இடைவெளி வேண்டாம்) கொடுத்திருந்தேன், வரையும்போது கொடுக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கொடிகள் (ஃபிளாக், அதாவது இப்படிப்பட்ட விருப்பக் குறிகள்) என்று ஒரு மாறிலியில் வைத்த பிறகுதான் நிம்மதி. அந்த மாறிலியில் நோ பிரிஃபிக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குறிப்பில் எங்காவது ஆம்பர்சேண்ட் (&) வந்தால் அது மறைந்து அடுத்த எழுத்துக்கு அடிக்கோடு விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் "க்ஷ" இடித்தது. "பக்ஷி" என்ற சொல்லில் "ஷ" தேடினால், விதிப்படி "க்", "ஷி" இரண்டும் தனித்தனி எழுத்துக்கூட்டம். எழுத்துருவோ இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக வரைகிறது. "பக்" வரை அளந்த அகலம் அந்த வடிவத்தின் நடுவில் எங்கோ போய் முட்டியது. துண்டாக வரைந்தபோது "பக்" தனியாக, "ஷி" தனியாக உடைந்தே போயிற்று. "ஸ்ரீ"யும் இப்படித்தான். அதை ஸ போட்டு அடித்தவர்களும் உண்டு, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டு அடித்தவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டுக்கும் கையாலேயே விதி எழுதினேன்: மஞ்சளின் ஓரம் இவற்றின் நடுவில் விழுந்தால், கூட்டு முழுவதையும் உள்ளே இழுத்துக்கொள்.

அப்போதுதான் புரிந்தது, நறுக்குவதே தவறு. சொல்லை ஒருபோதும் துண்டாக வரையக் கூடாது. முழுச் சொல்லையும் ஒரே அழைப்பில் வரைய வேண்டும். மஞ்சள் கட்டத்தை முதலில் தீட்டிவிட்டு அதன் மேல் முழுச் சொல்லையும் எழுதினால் எழுத்து எப்படி உடையும்? உடையவே இல்லை. சாதாரண வரிசையில் இது போதும். தேர்ந்தெடுத்த வரிசையில் மட்டும் போதவில்லை. அங்கே பின்னணி அடர் நீலம், எழுத்து வெள்ளை. மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தைப் படிக்க முடியாது. கட்டத்துக்குள் மட்டும் எழுத்து கறுப்பாக வேண்டும், ஆனால் சொல்லை நறுக்கக் கூடாது.

வழி இதுதான்: முழுச் சொல்லையும் வெள்ளையில் ஒரு முறை எழுது. மஞ்சள் கட்டத்தைத் தீட்டு. அந்தக் கட்டத்தின் அளவுக்கு கிளிப் வை. பிறகு அதே முழுச் சொல்லை, அதே இடத்தில், கறுப்பில் இன்னொரு முறை எழுது. கிளிப்புக்கு வெளியே விழுவது திரைக்கு வராது. வெட்டுப்படுவது படம்தான், சொல் அல்ல.

எழுதி ஓட்டினேன். முழுச் சொல்லும் கறுப்பில் வந்தது! கிளிப் வைத்ததற்கு அடையாளமே இல்லை. செவ்வகத்தைச் சரிபார்த்தேன், வரிசையை மாற்றிப் பார்த்தேன், ஒரு இரவு முழுக்கப் போயிற்று. காரணம் மறுநாள் காலை ஆவணத்தில் கிடைத்தது. டெக்ஸ்ட் ரெண்டரர் விண்டோஸின் பழைய வரைகலைத் தளமான ஜிடிஐ வழியாக வரைகிறது. கிராஃபிக்ஸ் பொருளில் நாம் வைத்த கிளிப்பை அது தானாக மதிப்பதில்லை. பிரிசர்வ் கிராஃபிக்ஸ் கிளிப்பிங் என்ற கொடியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கொடி. கொடுத்தேன், நீல வரிசையில் வெள்ளைச் சொல், நடுவில் மஞ்சள் கட்டம், அதற்குள் கறுப்பு "கொ". இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்தான், ஆனால் திரையில் ஒரே நேரத்தில் இருப்பது முப்பது வரிசை. இரண்டாம் முறை எழுதுவது தேர்ந்த வரிசைக்கு மட்டும். ஸ்க்ரோல் செய்யும்போது எந்தத் தடங்கலும் தெரியவில்லை.

கிளிப்பை வைக்கும் முன் சேவ், வரைந்த பின் ரெஸ்டோர். ரீசெட் கிளிப் வேண்டாம். அது நாம் வைத்ததை மட்டும் எடுக்காது, கண்ட்ரோல் தனக்காக வைத்திருந்ததையும் சேர்த்து எடுத்துவிடும்.

இன்னொரு சிக்கல், தேர்ந்த வரிசையா என்று ஈவென்டின் ஸ்டேட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஹைட் செலக்‌ஷன் ஃபால்ஸ் (கவனம் வேறிடம் போனாலும் தேர்வு தெரியட்டும்) என்று வைத்திருந்தால் அது சரியான பதிலைத் தராது. செலக்டட் இண்டிசஸில் அந்த எண் இருக்கிறதா என்று நேராகப் பார்ப்பதே நம்பகம்.

ஆயத்த நூலகம் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆப்ஜெக்ட் லிஸ்ட்வியூவை முன்பே முயன்றிருக்கிறேன், மிக நல்ல படைப்பு. லிஸ்ட்வியூவின் மேல் போர்த்திய உறை அது. தேடியதைத் தனித்துக் காட்டும் ரெண்டரரும் வடிகட்டியும் உள்ளேயே வருகின்றன, விரைவுப் பட்டியலுக்கு என்று தனி வகுப்பும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் அதையே எடுக்கலாம். உரிமம் ஜிபிஎல் (சேர்த்து வெளியிடும் செயலியின் மூலநிரலையும் திறக்கச் சொல்வது) என்பதை மட்டும் முதலிலேயே கவனித்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் எழுத்துக்கூட்ட எல்லை, க்ஷ, ஸ்ரீ எல்லாம் நானே எழுத வேண்டியவை என்பதால் அடிக் கண்ட்ரோலோடு நின்றுவிட்டேன். காசு கொடுத்து வாங்கும் ஒரு கிரிட்டின் (அட்டவணைக் கண்ட்ரோல்) சோதனைப் பதிப்பையும் பார்த்தேன். அதில் "க" தேடியபோது அதே புள்ளி வட்டம் வந்தது. அவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை.

நானே வரைந்தாலும் அடியில் இருப்பது உண்மையான லிஸ்ட்வியூ என்பதால் திரைவாசிப்பான் வரிசைகளை இப்போதும் படிக்கிறது. இது எனக்கு முக்கியம். வெறும் பேனலில் எல்லாவற்றையும் தீட்டியிருந்தால் இதை இழந்திருப்பேன்.

அடுத்து இருந்த இடத்திலேயே திருத்தும் வசதி. வரிசை மேல் டெக்ஸ்ட் பாக்ஸைக் கொண்டு வந்து வைக்க வேண்டும். முதல் நெடுவரிசையின் பவுண்ட்ஸை (இடமும் அளவும்) கேட்டால் முழு வரிசையின் செவ்வகமே வருகிறது. கெட் பவுண்ட்ஸில் லேபிள் பகுதியைக் கேட்டு வாங்குவதாகத் திட்டம். திரையை 150 சதவீதம் பெரிதாக்கிய டிபிஐயில் அந்த 30 பிக்சல் இமேஜ் லிஸ்டையும் பெரிதாக்க வேண்டும். க்யூடி என்ற இன்னொரு இடைமுக நூலகத்தில், வரிசையை வரையும் டெலிகேட்டின் சைஸ் ஹின்ட் மூலம் உயரத்தை நேராகச் சொல்லலாம் என்பதைப் பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது. நாற்பதாயிரம் சொற்களோடு வீடு மாற்றும் தெம்பு இப்போதைக்கு இல்லை.

ஆனால் இந்தக் கட்டமே இன்னும் முழுதாக முடியவில்லை. பொருள் நெடுவரிசை நீளமானது. இடம் போதாவிட்டால் எண்ட் எலிப்சிஸ் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடுகிறது. தேடியது அந்தப் புள்ளிகளுக்கு அப்பால் இருந்தால் வரிசை ஏன் வந்தது என்றே தெரிவதில்லை. மஞ்சள் கட்டம் செல்லுக்கு வெளியே போகாமல் வெட்டிவிட்டேன், அது மட்டும்தான் இதுவரை ஆனது. பொருளின் தொடக்கத்தை விட்டுவிட்டு, தேடிய சொல்லுக்கு இரண்டு சொல் முன்னாலிருந்து காட்டலாமா என்று யோசிக்கிறேன். இடைவெளியில் வெட்டுவதால் எழுத்து உடையாது. சனிக்கிழமை அதில்தான் உட்காரப் போகிறேன்.