கறை என்று நினைத்துக் கல்லையே கரைத்த கதை

பாத்ரூம் சுவருக்குப் பளபளக்கும் வெள்ளை மார்பிள் வாங்கினேன். தரைக்கும் அதையே போடச் சொன்னேன். டைல்ஸ் ஒட்ட வந்தவர், "ஈரக்காலுக்கு வழுக்கும், தரைக்குப் பளபளப்பில்லாத மேட் கல் எடுங்க" என்றார். கேட்டுக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் கேட்கவில்லை.

கற்களின் இடுக்கை நிரப்பும் க்ரௌட் கலவையை அடைப்பதற்கு முன்பே, கறை சீக்கிரம் ஊறாமல் இருக்கத் தடவும் சீலரை ஒரு கோட் அடிக்க வேண்டும் என்றார். எல்லாம் முடிந்த பிறகு அடித்தால் போதாதா என்று அவசரப்படுத்தினேன். மேட் கல்லின் நுண்துளைகள் சாம்பல் நிற க்ரௌட்டை உறிஞ்சிக்கொண்டன. ஓரங்களில் அழுக்கு நிழல் மாதிரி அது இன்னும் இருக்கிறது. சுவருக்கு மட்டும் மணல் கலக்காத க்ரௌட் வாங்கியிருந்தேன். மணல் இருந்தால் பாலிஷில் கீறல் விழும்.

க்ரௌட் காய 3 நாள் போதும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. தரையில் ஈரத்திட்டு தெரிந்ததால் ஒரு வாரம் விட்டேன். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, கல்லுக்குள் ஊறும் வகை சீலரைத் துணியால் தடவி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்தேன். ஒரு மூலையை மறந்துவிட்டேன், பிசுபிசுப்பாகக் காய்ந்துவிட்டது. அதன் மேலேயே புது சீலரைக் கொஞ்சம் ஊற்றித் தேய்த்ததும் இளகி வந்துவிட்டது.

பெரிய தவறு இரண்டு மாதம் கழித்து. குழாய்க்குக் கீழே உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவு. கழிப்பறைக்கு வைத்திருந்த ஆசிட் கிளீனரைத் தெளித்தேன். நுரைத்துப் பொங்கியது, கறை போகிறது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி! காய்ந்த பிறகு பார்த்தால் பளபளப்பு செத்து, விரலுக்குச் சொரசொரப்பாக ஒரு திட்டு.

உப்புப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதுதான். ஒன்றைக் கரைப்பது மற்றதை விட்டுவைக்குமா? எலுமிச்சையும் வினிகரும் செய்வதும் இதே வேலைதான். சீலர் அடித்திருக்கிறோமே என்ற தைரியம் இங்கே உதவாது. அது கறை உள்ளே ஊறுவதைத் தாமதப்படுத்தும், அமிலத்தைத் தடுக்காது. மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரமான கம்பளித் துண்டில் தொட்டு ஒரு மாலை முழுக்கத் தேய்த்ததில் முக்கால்வாசி பளபளப்பு திரும்பியது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் இன்றும் தெரியும்.

எண்ணெய் பாட்டில் கசிந்து தரையில் விழுந்த கறைக்கு வேறு வைத்தியம். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டேன். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டினேன். இரண்டாவது முறையில் போய்விட்டது.

இப்போது கழுவ, அமிலமும் காரமும் இல்லாத லிக்விட் மட்டும்தான். குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரை இழுத்துவிடுகிறேன்; தண்ணீர் தங்காத இடத்தில் உப்பு படியாது. வீட்டில் மற்றவர்கள் செய்வதில்லை, அது வேறு சண்டை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லில் சொட்டுத் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் பார்க்கிறேன். கல் கறுத்தால் குடிக்கிறது என்று அர்த்தம். போன வாரம் ஷவருக்குக் கீழே கறுத்தது, கதவோரம் சொட்டு முத்தாகவே நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஷவர் பக்கம் மட்டும் சீலர் அடிக்கப் போகிறேன், இந்த முறை மூலையையும் துடைத்து.